குடியிருப்பு மனை ஆபீஸ் ஆகும்போது அண்டை வீட்டாருக்கு உள்ள உரிமை

(உத்திரமேரூரில் மஃரிப் தொழுகைக்குப் பின் நடைபெற்ற மஹல்லா குடும்பங்கள் சந்திப்பில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





வழக்கமாக இந்தச் சந்திப்பில் கல்வி உதவித்தொகை, மருத்துவ உதவி, ஜகாத் விநியோகம் பற்றிப் பேசுவோம். இன்று மனை விவகாரம் பேச வேண்டியிருக்கிறது. ஏன் என்று பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

சில வாரங்களுக்கு முன் ஒரே தெருவைச் சேர்ந்த இரண்டு தரப்பினர் நம் அலுவலகத்துக்கு வந்தார்கள். முதலில் வந்தவர்கள் நான்கு மனைக்காரர்கள். பிள்ளைகள் சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். அத்தா கட்டிய வீடு பூட்டிக் கிடக்கிறது. ஒரு நிறுவனம் நான்கு மனைகளையும் சேர்த்து நீண்டகாலக் குத்தகைக்குக் கேட்கிறது. அங்கே ஆபீஸ் கட்டுவதற்காக, குடியிருப்பு என்றிருக்கும் நிலப்பயன்பாட்டை மாற்ற விண்ணப்பம் போடப் போகிறார்கள். அக்கம்பக்கத்தார் ஆட்சேபிக்காமல் இருக்கும்படி அறக்கட்டளை பேசி வைக்க வேண்டும் என்றார்கள்.

அடுத்த ஜும்ஆவுக்குப் பின் வந்தவர்கள் எதிர்ப்பவர்கள். கட்டுக்கட்டாகக் கையெழுத்துத் தாள்கள் கொண்டு வந்தார்கள். புரட்டிப் பார்த்தோம். எல்லாத் தாளிலும் மேல் பாதி காலி. என்ன ஆட்சேபணை என்பதை எங்களை எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். கையெழுத்து தயாராகிவிட்டது, மனு மட்டும் தயாராகவில்லை! அதோடு அறக்கட்டளையின் முத்திரையும் வேண்டும் என்றார்கள்.

இரண்டு தரப்பும் நம் மக்கள். ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுகிறவர்கள். இரண்டு தரப்புக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னோம். வெற்றுத் தாளில் முத்திரை விழாது, யாரையும் வாய் மூடி இருக்கச் சொல்லவும் மாட்டோம், எல்லோரையும் வைத்துக்கொண்டு பேசுவோம் என்றோம். அந்தப் பேச்சுத்தான் இது.

எங்கள் கருத்தை மறைத்து வைத்துக்கொண்டு நடுநிலை வேஷம் போட விரும்பவில்லை. அந்தத் தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு ஆட்டோ வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். பிள்ளைகள் மாலையில் மக்தபுக்கு நடந்து போகும் வழி அது. ஜனாஸா புறப்பட்டால் சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் அகலத்தில் நடக்க வேண்டிய வழி. நான்கு மனை அளவுக்கு ஓர் ஆபீஸும், அதற்கு வரும் வண்டிகளும், அதற்கு இறக்கும் போர்வெல்லும் அந்தத் தெரு தாங்காது என்பதே எங்கள் எண்ணம். எதிர்ப்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் நியாயம் இருந்தால் மட்டும் போதாது. அதை அளந்து சொல்ல வேண்டும், கெடு முடியுமுன் சொல்ல வேண்டும், சொல்கிறவர் தம் வீட்டையும் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும்.

மார்க்கத்திலிருந்தே தொடங்குவோம். அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் எவ்வளவு வலியுறுத்தினார்கள் என்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் நம் பிள்ளைகளுக்கே மனப்பாடம். அண்டை வீட்டாருக்குச் சொத்தில் வாரிசுப் பங்கே கொடுத்துவிடுவார்களோ என்று எண்ணும் அளவுக்கு வலியுறுத்தினார்கள். பயானில் இதைக் கேட்கும்போது தலையாட்டுகிறோம். கட்டடம் கட்டும்போது நினைவு வருவதில்லை.

எகிப்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். அம்ர் இப்னு ஆஸ் (ரலி) அவர்கள் அங்கே ஃபுஸ்தாத் என்ற ஊரை அமைத்தார்கள். இன்றைய கெய்ரோவின் பழைய பகுதி அது. அங்கே காரிஜா இப்னு ஹுதாஃபா (ரலி) அவர்கள் தம் வீட்டுக்கு மேலே ஓர் அறை எழுப்பினார்கள். அந்த ஊரில் எழுந்த முதல் மாடி அதுதான் என்று வரலாற்றாசிரியர் இப்னு அப்துல் ஹகம் எழுதுகிறார். செய்தி மதீனாவில் கலீஃபா உமர் (ரலி) அவர்களுக்கு எட்டியது. மாடியிலிருந்து பார்த்தால் அண்டை வீட்டின் அந்தரங்கம் தெரியுமே என்பது அவர்கள் கவலை. உடனே இடியுங்கள் என்று எழுதினார்களா? இல்லை. அந்த அறையில் ஒரு கட்டிலைப் போட்டு, அதன்மேல் நெட்டையும் இல்லாத குட்டையும் இல்லாத ஓர் ஆளை நிறுத்திப் பார்க்கும்படி ஆளுநருக்கு எழுதினார்கள். அவர் கண்ணுக்கு அண்டை வீடு தெரிந்தால் இடிக்க வேண்டும், தெரியாவிட்டால் அறை இருக்கலாம்.

கட்டிலைப் போட்டு அளந்து பார்க்கச் சொன்னதைக் கவனியுங்கள். புகார் சொன்னவர் யார், கட்டியவர் யார் என்பதை வைத்துத் தீர்ப்பு வரவில்லை.

இதே வழியில் ஹனஃபி ஃபிக்ஹ் பிற்காலத்தில் விரிவான விதிகளை வகுத்தது. 1869 முதல் 1876 வரை உஸ்மானியப் பேரரசு தொகுத்த 'மஜல்லா' என்ற சட்டத் தொகுப்பில் அண்டை வீட்டார் பற்றித் தனிப் பகுதியே உண்டு. ஒருவர் தம் இடத்தில் தம் விருப்பப்படி செய்யலாம், ஆனால் அண்டை வீட்டாருக்கு மிகையான தீங்கு விளையக் கூடாது என்பது அதன் அடிப்படை. மிகையான தீங்கை அரபியில் 'ளரர் ஃபாஹிஷ்' என்பார்கள். எது மிகை? வீட்டை ஒட்டிக் கொல்லுப்பட்டறையோ மாவு மில்லோ வைத்து, அதன் அதிர்வில் சுவர் பலமிழந்தால் மிகை. பெண்கள் புழங்கும் இடத்தை, அதாவது அடுப்படியை, கிணற்றடியை, முற்றத்தைப் பார்க்கும்படி ஜன்னல் வைத்தால் மிகை. இதைக் கேட்கும்போது திரைக்கு அந்தப் பக்கம் முணுமுணுப்பு எழுவது எங்களுக்குக் கேட்கிறது. உண்மைதான். மூன்று மாடி ஆபீஸ் எழுந்தால் நம் பின்கட்டு முழுக்க அவர்கள் ஜன்னலுக்குக் கீழே.

இனிச் சொல்வது எதிர்ப்பவர்களுக்கு அவ்வளவு இனிக்காது. காற்று தடைப்படுகிறது, முன்பு தெரிந்த காட்சி மறைகிறது, கொஞ்சம் வெயில் குறைகிறது என்பதையெல்லாம் மஜல்லா மிகையான தீங்காக ஏற்கவில்லை. ஓர் அறையில் எழுத்தை வாசிக்க முடியாத அளவு இருட்டாகிவிட்டால் ஏற்கிறது. அசௌகரியம் வேறு, தீங்கு வேறு. நம் மனுவில் இரண்டையும் போட்டுக் குழப்பினால் படிக்கும் அதிகாரி இரண்டையும் சேர்த்தே ஒதுக்கி வைப்பார்.

ஷுஃப்ஆ பற்றி ஒருவர் கேட்டார். அண்டை வீட்டார் நிலத்தை விற்றால் முதலில் வாங்கும் உரிமை நமக்கு உண்டே, அதை வைத்துத் தடுக்கலாமே என்றார். ஹனஃபி மத்ஹபில் அந்த உரிமை உண்டு. ஆனால் சென்னை உயர் நீதிமன்றம் 1870-லேயே, ஷுஃப்ஆ இந்த மாகாணத்தில் சட்டமாகச் செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. தவிர, இங்கே நடப்பது விற்பனை அல்ல, குத்தகை. மார்க்க ஒழுக்கமாக அண்டை வீட்டாரிடம் முதலில் கேட்பது அழகு. கோர்ட்டில் அது நிற்காது.

சரி, நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது? இரண்டு வழக்குகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் நம்மைப் போன்ற குடியிருப்புவாசிகள் போனவை.

முதலாவது பெங்களூரு. ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கம் என்ற குடியிருப்பில் பூங்காவுக்கு என்று ஓர் இடம் திட்டத்தில் ஒதுக்கப்பட்டிருந்தது. 1976-ல் அந்த இடத்தின் பயன்பாட்டை மாற்றி, தனியார் மருத்துவமனை கட்டுவதற்காக ஓர் அறக்கட்டளைக்கு ஒதுக்கினார்கள். உத்தரவு முதலமைச்சர் மட்டத்திலிருந்தே வந்தது. குடியிருப்புவாசிகள் வழக்குப் போட்டார்கள். இது உங்கள் சொந்த நிலம் இல்லையே, உங்களுக்கு என்ன நஷ்டம், வழக்குப் போட நீங்கள் யார் என்று எதிர்த்தரப்பு கேட்டது. தனி நீதிபதி வழக்கைத் தள்ளினார். டிவிஷன் பெஞ்ச் அதை மாற்றியது. கடைசியில் 1991 ஜூலையில் உச்ச நீதிமன்றம் குடியிருப்புவாசிகள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. 'பெங்களூர் மெடிக்கல் ட்ரஸ்ட் வழக்கு' என்று வக்கீல்கள் இன்றும் எடுத்துக்காட்டுவது இதைத்தான். திட்டத்தில் ஓர் இடம் எதற்காக ஒதுக்கப்பட்டதோ அந்த நன்மை அப்பகுதி மக்களுக்குச் சேர வேண்டியது, அதைக் கேட்டு அவர்கள் நீதிமன்றம் வரலாம், ஆட்சியில் இருப்பவரின் விருப்பம் திட்டத்தை மீற முடியாது என்பது அதன் சாரம்.

இதில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது. அங்கே இடத்தைக் கேட்டது ஆபீஸோ மதுக்கடையோ அல்ல. மருத்துவமனை கட்ட வந்த ட்ரஸ்ட். நல்ல காரியம்தானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. நாளை நம் அறக்கட்டளையே நல்ல காரியம் என்று சொல்லி ஒரு தெருவின் அமைதியைக் கெடுக்கக் கிளம்பினால், அப்போதும் இந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள்.

இரண்டாவது நொய்டா. டெல்லிக்கு அருகே, உத்தரப் பிரதேசத்தில் திட்டமிட்டு உருவாக்கிய நகரம். அதில் செக்டர் 19 குடியிருப்புப் பகுதி. மனைகளைக் குடியிருக்க மட்டும் என்ற நிபந்தனையோடு ஆணையம் குத்தகைக்குக் கொடுத்தது. காலப்போக்கில் வீட்டுக்காரர்கள் நல்ல வாடகைக்காக வங்கிகளுக்கும் நர்சிங் ஹோம்களுக்கும் கம்பெனிகளுக்கும் விட்டுவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. பேங்க் பக்கத்தில் இருந்தால் குடியிருப்பவர்களுக்கும் வசதிதானே என்று ஒரு வாதம் வைக்கப்பட்டது. 2011 டிசம்பர் 5 அன்று தீர்ப்பு வந்தது. குடியிருப்பு என்று குறித்த செக்டரில் வங்கியோ நர்சிங் ஹோமோ வேறு வணிகமோ நடத்தக் கூடாது, இரண்டு மாதத்துக்குள் மூடிவிட்டு வீட்டை வீடாகவே பயன்படுத்த வேண்டும், இந்தத் தடை செக்டர் 19-க்கு மட்டுமல்ல, ஆணையத்தின் எல்லாக் குடியிருப்புப் பகுதிகளுக்கும் பொருந்தும் என்றது நீதிமன்றம். மூடச் சொன்னவர்களுக்கு வணிகப் பகுதியில் மாற்று இடம் தருவதை முன்னுரிமையோடு பரிசீலிக்கும்படி ஆணையத்துக்கும் சொன்னது.

அதே தீர்ப்பில் இன்னொரு பகுதி இருக்கிறது. டாக்டர், வக்கீல், கட்டட வடிவமைப்பாளர் ஆகியோர் தம் வீட்டில் ஏதாவது ஒரு தளத்தின் பரப்பில் 30 சதவீதம் வரை தம் தொழிலுக்குப் பயன்படுத்தலாம் என்று அனுமதித்தது. குடியிருக்கிறவர் வீட்டுக்குள்ளேயே செய்யும் தொழிலுக்கும், வீட்டைக் காலி செய்து ஆபீஸாக மாற்றுவதற்கும் இடையே கோடு போட்டது. நமக்கு இது முக்கியம். நம் மஹல்லாவில் எத்தனை சகோதரிகள் வீட்டில் தையல் மெஷின் போட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள்! எத்தனை பேர் திண்ணையில் டியூஷன் எடுக்கிறார்கள்! ஆபீஸை எதிர்க்கிறோம் என்று பொத்தாம்பொதுவாக 'எங்கள் தெருவில் எந்தத் தொழிலும் கூடாது' என்று மனு எழுதினால், முதலில் அடிபடப்போவது இவர்கள்தான்.

இது வீண் பயமல்ல. டெல்லியில் 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் குடியிருப்புப் பகுதிகளில் நடக்கும் சட்டவிரோத வணிகத்துக்குச் சீல் வைக்க உத்தரவிட்டது. வழக்கு தொடங்கியபோது எல்லோர் மனத்திலும் இருந்தது பெரிய ஷோரூம்கள். ஆனால் சீல் வைக்கும் நடவடிக்கை சிறு கடை, சிறு பட்டறை என்று எல்லா இடத்துக்கும் பரவியது. அந்த ஆண்டு செப்டம்பர் 20 அன்று, முஸ்லிம்கள் நெருக்கமாக வாழும் சீலம்பூரில் எதிர்ப்பு ஊர்வலம் கலவரமாகி, துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. 2007 பிப்ரவரியில் வந்த புதிய முழுமைத் திட்டம் பல தெருக்களில் கலப்புப் பயன்பாட்டை அனுமதித்தது. போன உயிர் போனதுதான். ஆகவே ஆட்சேபணையில் எதை எதிர்க்கிறோம், எதை எதிர்க்கவில்லை என்பதைத் தெளிவாக எழுத வேண்டும்.

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். இங்கே அடிப்படை 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். முழுமைத் திட்டம் உள்ள இடங்களில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு பயன்பாடு குறிக்கப்பட்டிருக்கும். வரைபடத்தில் பொதுவாகக் குடியிருப்பு மஞ்சள், வணிகம் நீலம். குடியிருப்பை வணிகமாக மாற்றக் கேட்பவர் விண்ணப்பித்தால், அந்தச் சட்டத்தின் 32(4) பிரிவின் கீழ் திட்டத்தில் திருத்தம் செய்ய வேண்டும். அதற்கு முன் செய்தித்தாளில் அறிவிப்பு வரும். இத்தனை நாளுக்குள் ஆட்சேபணை இருந்தால் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று இருக்கும். நம்மில் பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். அந்த அறிவிப்பு தீபாவளித் தள்ளுபடி விளம்பரத்துக்கும் மணமகள் தேவைக்கும் நடுவே பொடி எழுத்தில் வரும். தெருப் பெயர்கூட இருக்காது, சர்வே எண் மட்டும் இருக்கும். நாள் கடந்த பின் ஜேசிபி வந்து நிற்கும்போதுதான் நமக்கு வீரம் வரும்.

ஆகவே முதல் வேலை, உங்கள் வீட்டு சர்வே எண் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பட்டாவில் 'நத்தம்' என்று இருக்கிறதே, அதுவே போதாதா என்று கேட்கிறார்கள். நத்தம் என்பது வருவாய்த் துறைப் பதிவு. ஊர் மக்கள் வீடு கட்டி வாழும் இடம் என்று அது சொல்கிறது. திட்ட வரைபடத்தில் அந்த இடம் என்ன பயன்பாட்டில் இருக்கிறது என்பது வேறு துறையின் பதிவு. இரண்டையும் பார்க்க வேண்டும். உங்கள் இடம் எந்தத் திட்டத்துக்குள் வருகிறது, என்ன பயன்பாடு, மாற்றக் கேட்டு விண்ணப்பம் வந்திருக்கிறதா என்று காஞ்சிபுரத்திலுள்ள மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். பேரூராட்சியிலும் ஒரு மனு போடுங்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்திருப்பவர்களுக்குக் கிராம சபை இருக்கிறது. பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டது நம் மாவட்டத்தில்தான். தீர்மானம் ஒன்றே ஒரு திட்டத்தை நிறுத்திவிடாது. ஆனால் 'யாரும் எதிர்க்கவில்லை' என்று கோப்பில் எழுத முடியாமல் செய்யும்.

இதெல்லாம் நம் ஊருக்கு எதற்கு, சென்னைக்காரர் கவலை அல்லவா என்று நினைக்க வேண்டாம். சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க 2022-ல் அரசு ஆணை வந்தது. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தொழிற்சாலைகள் வந்தபின் நம் பக்கத்து மனை விலை என்ன ஆயிற்று என்று உங்களுக்கே தெரியும்.

விதிக்கு விலக்கு வாங்கிவிடுவார்கள், பெரிய இடத்துச் செல்வாக்கு என்று சிலர் கை விரிக்கிறார்கள். விலக்கு அளிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதற்கும் கணக்கு உண்டு. 1987, 1988-ஆம் ஆண்டுகளில் கட்டட விதிகளிலிருந்து விலக்களித்துத் தமிழக அரசு போட்ட 62 ஆணைகளை, சென்னையைச் சேர்ந்த ஒரு நுகர்வோர் அமைப்பு தொடர்ந்த வழக்கில், 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதிகாரம் செல்லும், ஆனால் மனம் செலுத்தி, காரணம் காட்டி அதைப் பயன்படுத்த வேண்டும் என்றது.

யார் ஆட்சேபிக்கலாம் என்ற கேள்வியும் வந்தது. வாடகைக்கு இருக்கிறோம், நாங்கள் கையெழுத்துப் போடலாமா என்று இரண்டு சகோதரிகள் தயங்கினார்கள். நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டை நாடே பேசுகிறது. முதலாம் பராந்தகன் காலத்து, ஆயிரத்து நூறு ஆண்டுப் பழமையான குடவோலை முறை. முப்பது குடும்புகளாக ஊரைப் பிரித்துச் சீட்டு எடுத்தார்கள். கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது என்று எழுதி வைத்தார்கள். ஒவ்வொரு அறக்கட்டளை அலுவலகத்திலும் இதை மாட்டி வைக்கலாம்! ஆனால் அந்தச் சீட்டில் பெயர் வர வேண்டுமானால் வரி செலுத்தும் கால் வேலிக்கு மேல் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும் இருக்க வேண்டும். வாடகைக்கு இருந்தவருக்கு அங்கே இடமில்லை. இன்றைய நிலை அப்படி அல்ல. புகையும் நெரிசலும் பத்திரம் பார்த்து வருவதில்லை. அந்தத் தெருவில் வாழ்கிறவர் எவரும் ஆட்சேபணை எழுதலாம். வாடகைதாரரும் எழுதுங்கள். தெருவில் நம் சமுதாயத்தார் மட்டும் இல்லை, இந்துக் குடும்பங்களும் இருக்கிறார்கள். அவர்களையும் கலந்து, ஒரே மனுவாக, தெருவின் மனுவாகப் போகட்டும். ஜமாஅத் பெயரில் போனால், அதைப் படிப்பவர் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வார். விஷயம் மண்டலம், சாலை, தண்ணீர் பற்றியது. அப்படியே இருக்கட்டும்.

மனுவில் என்ன எழுதுவது? கட்டிலைப் போட்டு அளந்த கதையை நினைவில் வையுங்கள். 'எங்களுக்கு மிகுந்த சிரமம்' என்று எழுதாதீர்கள். தெரு எத்தனை அடி அகலம் என்று டேப் பிடித்து, மூன்று இடத்தில் அளந்து எழுதுங்கள். வழி விஷயத்தில் தகராறு வந்தால் ஏழு முழம் விடும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. எண் சொல்லிப் பேசுவது நமக்குப் புதிதல்ல. இன்றைய கட்டட விதிகளும் சாலை அகலத்தை வைத்தே எவ்வளவு கட்டலாம் என்று தீர்மானிக்கின்றன. எத்தனை வீடுகள், எத்தனை குழந்தைகள் நடந்து போகிறார்கள், பள்ளிக்கூடமும் மக்தபும் எத்தனை மணிக்கு விடுகின்றன, சுற்றியுள்ள கிணறு, போர்வெல்களில் கோடையில் எத்தனை அடியில் தண்ணீர், தீயணைப்பு வண்டி உள்ளே வர முடியுமா, கழிவுநீர் எங்கே போகும், எந்தப் பக்கத்து ஜன்னல் எந்த வீட்டு முற்றத்தைப் பார்க்கும் என்று எழுதுங்கள். போட்டோ எடுத்து இணையுங்கள். மனைக்காரரின் குணம், அவர் அத்தா காலத்துப் பங்காளிச் சண்டை எதுவும் மனுவில் வரக் கூடாது. நாங்கள் பார்த்த தாள்களில் ஒன்றில், கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒருவர் அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தார். அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அது புறம்.

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி. நம் தெருக்களில் நடந்து பாருங்கள். கீழே குடோன், மேலே வீடு. வீட்டு மின் இணைப்பில் கம்ப்யூட்டர் சென்டர். பேரூராட்சியில் வீடு என்று வரி, உள்ளே ஆறு மேசை போட்ட ஆபீஸ். வீட்டு இணைப்புக்குத் தரும் இலவச மின்சாரத்தை வணிகத்துக்கு எடுப்பது பொதுச் சொத்தில் கை வைப்பதுதான். அதற்கு ஹலால் என்று எந்த ஆலிமும் ஃபத்வா தர மாட்டார். இதைச் செய்துகொண்டே அடுத்தவர் ஆபீஸை எதிர்த்து முதல் கையெழுத்துப் போட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் உங்கள் மின் கட்டண ரசீதைத்தான் எடுப்பார். கட்டண வகையை மாற்றிக்கொள்ளுங்கள், வரியைச் சரி செய்யுங்கள், பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

அறக்கட்டளையும் இதற்கு விலக்கல்ல. நம் கட்டடத்தின் மாடியை ஆபீஸுக்கு வாடகைக்குக் கேட்டு வந்தார்கள். மாத வாடகையாகச் சொன்ன தொகை நம் உதவித்தொகைப் பட்டியலில் இருக்கும் பல பிள்ளைகளுக்குப் போதும். நிர்வாகக் குழுவில் வாதம் நடந்தது. இடத்தைத் தந்த பெரியவர், அல்லாஹ் அவர் கப்ரை ஒளிமயமாக்குவானாக, பிள்ளைகள் படிக்க என்று எழுதித் தந்தார். வக்ஃப் செய்தவர் வைத்த நிபந்தனையை மாற்றக் கூடாது என்பது ஃபிக்ஹில் உறுதியான விதி. மறுத்துவிட்டோம். மாடியில் இப்போதும் மாலை நேர வகுப்புதான் நடக்கிறது.

நான்கு மனைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் குற்றவாளிகள் அல்ல. சொந்த மனையில் வருமானம் தேடுவது உங்கள் உரிமை, விண்ணப்பம் போடுவதும் சட்டப்படியான வழி. பூட்டிய வீட்டுக்கு வரியும் மராமத்துச் செலவும் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதும், உங்களில் ஒருவருக்கு மகள் நிக்காஹ் நெருங்குகிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆகவே வெறுமனே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போக மாட்டோம். வாடகைக்கு வீடு தேடி நம்மிடம் பெயர் கொடுத்த குடும்பங்கள் இருக்கிறார்கள். பழுது பார்க்கக் கடன் தேவைப்பட்டால் வட்டியில்லாக் கடன் நிதியில் இருந்து தர நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆபீஸ் வாடகை அளவுக்கு வராது, அதை மறைக்கவில்லை. அந்த நிறுவனத்தாரிடமும் பேசத் தயாராக இருக்கிறோம். பஸ் போகும் பெரிய சாலையில் வணிகப் பயன்பாட்டில் இடம் கிடைத்தால் அவர்களுக்கும் வண்டி நிறுத்த வசதி. அதற்கு மேலும் விண்ணப்பிப்பது என்று முடிவு செய்தால் செய்யுங்கள். தெரு தன் ஆட்சேபணையைக் கொடுக்கும், அதிகாரிகள் தீர்மானிக்கட்டும். அதற்காக ஸலாம் நிற்கக் கூடாது, வலீமா அழைப்பு நிற்கக் கூடாது.

நடைமுறை விவரம் சொல்லி முடிக்கிறோம். காலி மனுத் தாள்களை யாரும் இனி வீடு வீடாகக் கொண்டு போக வேண்டாம். வரும் ஞாயிறு அஸருக்குப் பின் அந்தத் தெருவை அளக்கிறோம். டேப்பும் நோட்டும் நாங்கள் கொண்டு வருகிறோம், இளைஞர்கள் நாலு பேர் வேண்டும். மனைக்காரர்களும் கூட நின்று பார்க்கலாம். அளவில் பின்னால் சர்ச்சை வராது. திங்கள் முதல் வியாழன் வரை இஷாவுக்குப் பின் அலுவலகம் திறந்திருக்கும். தகவல் உரிமை மனு எழுத உதவ ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர் ஒருவர் அமர்ந்திருப்பார். வரும்போது பட்டா நகல், வீட்டு வரி ரசீது, மின் கட்டண அட்டை மூன்றையும் எடுத்து வாருங்கள். வாடகைதாரர் ஆதார் அட்டை கொண்டு வந்தால் போதும். தினமும் பத்திரிகையில் வரும் அறிவிப்புகளைப் பார்த்துக் கத்தரித்து வைக்கும் பொறுப்பை இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் ஏற்றிருக்கிறார்கள். உங்கள் சர்வே எண்ணை அவர்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.